இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டில் முதல் மூன்று மாதங்கள்: முதியோரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

திருவனந்தபுரம்: இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சிக்கல் ஏதும் இல்லையெனில் சில நாள்களில் நோயாளி வீடு திரும்புகிறார். ஆனால் அவர் மீண்டும் பழையபடி நடமாடுவாரா என்பதைத் தீர்மானிப்பது அதற்குப் பின் வீட்டில் கழியும் ஏறக்குறைய மூன்று மாதங்களே. கழிவறையின் உயரம், கட்டிலின் உயரம், ஈரமான தரை, இரவில் எரியும் விளக்கு போன்ற சிறிய விஷயங்கள் இந்தக் காலத்தில் மருந்துக்கு இணையான முக்கியத்துவம் பெறுகின்றன.

கேரளத்தில் இந்தக் கேள்வி நாளுக்கு நாள் பெரிதாகி வருகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் 12.6 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். நாட்டிலேயே இதுதான் மிக உயர்ந்த அளவு. இது 2021இல் 16.5 சதவீதமாக உயர்ந்திருக்கும் என்றும், 2031இல் 20.9 சதவீதத்தை எட்டும் என்றும் மத்திய அரசின் மதிப்பீடு கூறுகிறது. தமிழ்நாட்டில் இந்த விகிதம் 2031இல் 18.2 சதவீதமாக இருக்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலோ ஐரோப்பாவிலோ இருக்க, வயதான தம்பதியர் மட்டும் வசிக்கும் வீடுகள் திருவனந்தபுரத்தில் ஏராளம். அத்தகைய வீட்டில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தால், அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரும் 70 வயதைக் கடந்தவராகவே இருக்கிறார்.

இது கேரள மக்களின் பிரச்சினை மட்டுமன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள், இன்றும் மேல்சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்தை நாடுகின்றனர். சாலை, கரமனை, கிழக்கே கோட்டைப் பகுதிகளில் தலைமுறைகளாக வசிக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களையும் மனத்தில் கொண்டு, இச்சிகிச்சைக்குப் பிந்தைய வீட்டுப் பராமரிப்பு குறித்த முக்கியத் தகவல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

மாற்றப்படுவது எது?

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்தில் பந்து அமைந்தது போன்ற ஓர் அமைப்பு. தொடை எலும்பின் உருண்டையான தலைப்பகுதி, இடுப்பு எலும்பில் உள்ள குழிக்குள் சுழல்கிறது. மூட்டுத் தேய்மானம், ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்புத் தலை சிதைதல், தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிதல் ஆகியவை அறுவை சிகிச்சைக்கான முக்கியக் காரணங்கள். சேதமடைந்த தலைப்பகுதியை அகற்றிவிட்டு, உலோகத் தண்டுடன் இணைந்த உலோக அல்லது பீங்கான் பந்து பொருத்தப்படுகிறது. முழு மாற்று சிகிச்சையில் குழிப்பகுதியிலும் புதிய கிண்ணம் பொருத்தப்படும். எலும்பு முறிந்த முதியவர்கள் சிலருக்குப் பந்துப் பகுதி மட்டும் மாற்றப்படுவதுண்டு.

இன்று நடைமுறையில் உள்ள முறைக்கு வித்திட்டவர் பிரிட்டன் மருத்துவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962ஆம் ஆண்டு, உலோகப் பந்தையும் உறுதியான பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் இணைத்து அவர் செய்த சிகிச்சை நீடித்த பலன் தந்தது. 2007இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியான கட்டுரை இதனை நூற்றாண்டின் அறுவை சிகிச்சை என வர்ணித்தது. அதே இதழ் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பொருத்தப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டுகளில் ஏறக்குறைய 58 சதவீதம் 25 ஆண்டுகள் வரை தாக்குப்பிடிக்கின்றன. எனவே 70 வயதில் இச்சிகிச்சை செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்கு அந்த மூட்டு வாழ்நாள் முழுவதும் போதுமானதாக இருக்கும்.

வயதும் விபத்தும்

முதுமையில் இத்தகைய சிகிச்சை பலன் தருமா என்ற தயக்கம் பல குடும்பங்களில் உள்ளது. பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத்தின் தாயாருக்கு 1995இல், 95ஆவது வயதில், வலது இடுப்பு மூட்டு மாற்றப்பட்டது. 1998 ஜனவரியில் தவறி விழுந்ததில் அவரது இடது இடுப்பு எலும்பு முறிந்து, அந்த மூட்டும் மாற்றப்பட்டது. அதன் பின்னரும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த அவர், 2002இல் 101ஆவது வயதில் காலமானார்.

எல்லோருக்கும் அதே அளவு பலன் கிடைப்பதில்லை. 1986 பிப்ரவரியில் திருவனந்தபுரத்துக்கு வருகை தந்த போப் இரண்டாம் ஜான் பால், 1994 ஏப்ரல் 28ஆம் தேதி இரவு வாடிகனில் தமது குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்த நிலையில் மறுநாளே அவருக்கு அறுவை சிகிச்சை நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது 73. ஏறக்குறைய நான்கு வாரங்கள் மருத்துவமனையில் இருந்த அவர் பின்னர் பல நாடுகளுக்குப் பயணம் மேற்கொண்டார் என்றாலும், நடப்பதற்கு ஊன்றுகோலின் துணை தேவைப்பட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் உணர்த்துவது ஒன்றே. மூட்டுத் தேய்மானத்துக்காகத் திட்டமிட்டுச் செய்துகொள்ளும் சிகிச்சையும், விழுந்து எலும்பு முறிந்தபின் அவசரமாகச் செய்யப்படும் சிகிச்சையும் ஒன்றல்ல. முதல் வகையினர் உடலையும் வீட்டையும் முன்கூட்டியே தயார்படுத்திக்கொள்ள முடியும். இரண்டாம் வகையினர் பெரும்பாலும் வயதில் மூத்தவர்கள், எலும்பு வலுவிழந்தவர்கள். அவர்கள் குணமடையக் கூடுதல் காலமும் கூடுதல் உதவியும் தேவைப்படும். ஒருவருடன் மற்றவரை ஒப்பிட்டு மனம் தளர வேண்டியதில்லை.

நோயாளி வருமுன் வீடு தயாராக வேண்டும்

மருத்துவமனையிலிருந்து திரும்பும் நாளுக்கு முன்பே சில மாற்றங்களைச் செய்துவிடுவது நல்லது. மாடியில் படுக்கையறை இருந்தால் சில வாரங்களுக்குக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டில், நாற்காலி, கழிவறை இருக்கை மூன்றும் போதிய உயரத்தில் இருக்க வேண்டும். அமரும்போது முழங்கால்கள் இடுப்பை விடத் தாழ்ந்திருப்பதே சரியான அளவு. தாழ்வான சோபா, ஊஞ்சல், சாய்வு நாற்காலி ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். இருபுறமும் கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியே ஏற்றது.

தரையில் கிடக்கும் மிதியடிகள், மின்கம்பிகள், சிறிய முக்காலிகள் ஆகியவற்றை அகற்ற வேண்டும். பழைய வீடுகளில் உள்ள உயரமான வாசற்படிகளைத் தாண்டும்போது வாக்கர் தடுக்கக்கூடும். அவ்விடங்களில் உடன் ஒருவர் இருக்க வேண்டும். படுக்கையிலிருந்து கழிவறை செல்லும் வழியில் இரவு முழுவதும் சிறு விளக்கு எரிவது அவசியம். கைப்பேசி, மூக்குக்கண்ணாடி, தண்ணீர், மருந்து ஆகியவை குனியாமலும் எட்டிப் பிடிக்காமலும் எடுக்கக்கூடிய உயரத்தில் இருக்கட்டும்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. மழைக்காலத்தில் முற்றத்திலும் கிணற்றடியிலும் பாசி படரும். வெளித்திண்ணையின் ஓடுகள் ஈரத்தில் வழுக்கும். இக்காலத்தில் நடைப்பயிற்சியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வதே பாதுகாப்பானது.

வீடு திரும்பும் பயணம்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளுக்குச் செல்வோர் காரின் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சற்றே சாய்த்துக்கொள்ள வேண்டும். இருக்கை தாழ்வாக இருந்தால் கெட்டியான தலையணை ஒன்றை இடலாம். முதலில் பின்புறமாக இருக்கையில் அமர்ந்து, அதன் பிறகு இரு கால்களையும் ஒன்றாக உள்ளே கொண்டுவர வேண்டும். நீண்ட பயணமெனில் மணிக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி எழுந்து நிற்பதும், அமர்ந்த நிலையில் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் ரத்தம் உறைவதைத் தடுக்க உதவும். தொடக்க வாரங்களில் ஆட்டோ பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

படுத்தே இருப்பது ஓய்வாகாது

அறுவை சிகிச்சை முடிந்தவர் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பரவலாக உள்ளது. உண்மை இதற்கு நேர்மாறானது. பெரும்பாலான நோயாளிகளை அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரின் துணையுடன் எழுந்து நிற்க வைக்கின்றனர். நீண்ட நேரம் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையலாம். நுரையீரலில் சளி தேங்கலாம். முதுகில் படுக்கைப்புண் வரலாம். தசைகள் விரைவில் மெலியும்.

வீட்டில் பகல் வேளையில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சிறிது தூரம் நடப்பது பயன் தரும். ஒரே நேரத்தில் நெடுந்தூரம் நடப்பதை விடச் சிறிது சிறிதாகப் பலமுறை நடப்பதே மேல். கணுக்காலை அசைத்தல், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துதல், படுத்த நிலையில் குதிகாலை மெல்லத் தன்பக்கம் இழுத்தல், காலைப் பக்கவாட்டில் நகர்த்துதல் ஆகியவை வழக்கமாகக் கற்றுத்தரப்படும் பயிற்சிகள். எந்தப் பயிற்சியை எத்தனை முறை செய்வது, காலில் எவ்வளவு எடை தாங்கலாம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்பாக, பரிந்துரைக்கப்பட்ட வலி மருந்தை எடுத்துக்கொண்டால் நடப்பது எளிதாகும். வலியைப் பொறுத்துக்கொண்டு படுத்திருப்பதை விட, மருந்தின் துணையுடன் நடப்பதே உடலுக்கு நன்மை.

மூன்று கட்டுப்பாடுகள்

செயற்கை மூட்டின் பந்து, கிண்ணத்திலிருந்து நழுவிவிடும் அபாயம் முதல் மூன்று மாதங்களில் அதிகம். மூட்டின் பின்புறமாக அறுவை சிகிச்சை செய்யப்பட்டவர்களுக்குப் பொதுவாக மூன்று கட்டுப்பாடுகள் விதிக்கப்படுகின்றன. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. கால்மேல் கால் போடவோ கால்களைக் குறுக்காக வைக்கவோ கூடாது. அறுவை செய்யப்பட்ட காலை உட்புறமாகத் திருப்பக் கூடாது.

நடைமுறையில் இதன் பொருள்: தரையில் அமரவோ குந்தவோ கூடாது. கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுக்கக் கூடாது. நின்ற இடத்தில் பாதத்தை ஊன்றியபடி உடலை மட்டும் திருப்பாமல், சிறு அடிகள் எடுத்துவைத்தே திரும்ப வேண்டும். மல்லாந்து படுப்பதே நல்லது. ஒருக்களித்துப் படுக்க மருத்துவர் அனுமதித்தால், கால்களுக்கிடையே தலையணை வைத்துக்கொள்ள வேண்டும். முன்புறமாக அறுவை செய்யப்பட்டவர்களுக்கு விதிகள் மாறுபடும். சில மருத்துவர்கள் இக்கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதும் உண்டு. ஆகவே உறவினர் ஒருவருக்குச் சொல்லப்பட்டதைப் பின்பற்றாமல், தமக்கு விதிக்கப்பட்டவை எவை, எத்தனை வாரங்களுக்கு என்பதைத் தம் மருத்துவரிடமே கேட்டறிய வேண்டும்.

கோயிலிலும் வீட்டுப் பூசையிலும் தரையில் அமர்வது, பள்ளிவாசலில் மண்டியிட்டுத் தொழுவது, தேவாலயத்தில் முழந்தாளிடுவது ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நாற்காலியில் அமர்ந்து வழிபடுவதே இக்காலத்துக்கு ஏற்றது.

குளியலறையும் படிகளும்

முதியோர் வழுக்கி விழும் இடங்களில் குளியலறை முதன்மையானது. தரையில் குந்தும் கழிவறையைப் பயன்படுத்தவே கூடாது. மேற்கத்திய கழிவறை இல்லாத வீடுகளில், நடுவில் துளையிட்ட கமோடு நாற்காலி உதவும். இருக்கை தாழ்வாக இருந்தால் அதன்மேல் உயர்த்தி இருக்கை பொருத்தலாம். சுவரில் பதித்த கைப்பிடிகள் அவசியம். துணி மாட்டும் கம்பியைப் பிடித்து எழுவது ஆபத்தானது; அது உடலின் எடையைத் தாங்காது. குளிக்கும்போது உயரமான நெகிழி நாற்காலியில் அமர்ந்துகொள்ள வேண்டும். காயம் ஆறித் தையலோ கவ்விகளோ நீக்கப்படும் வரை, அதாவது பொதுவாக 10 முதல் 14 நாள்கள் வரை, காயத்தின் மீது தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது அறுவை செய்யப்பட்ட காலை முதலில் வைக்க வேண்டும். வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறும்போது, அதனை அறுவை செய்யப்பட்ட பக்கத்துக்கு எதிர்க்கையில் பிடிப்பதே சரி. பலரும் இதனை மாற்றிச் செய்கின்றனர்.

உணவும் மருந்தும்

காயம் ஆறவும் தசை வலுப்பெறவும் புரதம் தேவை. முட்டை, மீன், பால், தயிர், பருப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளை உணவிலும் இடம்பெறலாம். கேரள வீடுகளில் வழக்கமான கஞ்சியும் பயறும் எளிதில் செரிக்கும் உணவு என்றாலும், கஞ்சி மட்டும் போதாது. பயறின் அளவைக் கூட்ட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையெனில் காயத்தில் நோய்த்தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகரிக்கும். வலி மருந்துகளால் மலச்சிக்கல் ஏற்படுவது இயல்பு. நார்ச்சத்துள்ள காய்கறி, பழம், போதிய தண்ணீர் ஆகியவை அதனைக் குறைக்கும். இரவில் எழ வேண்டியிருக்கும் என அஞ்சித் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது தவறு. மாலைக்குள் போதிய அளவு அருந்திவிடலாம்.

ரத்தம் உறையாமலிருக்கத் தரப்படும் மாத்திரை அல்லது ஊசியைப் பல நோயாளிகள் நான்கு முதல் ஐந்து வாரங்கள் வரை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நன்றாக நடக்கிறோம் என்று இதனைத் தாமாக நிறுத்தக் கூடாது. இம்மருந்துடன், கடையில் கேட்டு வாங்கும் வேறு வலி மாத்திரைகளைச் சேர்த்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் ஏற்படக்கூடும்.

ஆடி மாதத்தை ஒட்டி வரும் கர்க்கடக மாதத்தில் எண்ணெய்த் தேய்ப்பு உள்ளிட்ட சிகிச்சைகளை மேற்கொள்வது கேரள மரபு. புதிய மூட்டு பொருத்தப்பட்டவர்கள், அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் அனுமதியின்றி அப்பகுதியில் உழிச்சலோ காலை இழுத்துத் திருப்பும் சிகிச்சையோ செய்துகொள்ளக் கூடாது. ஆறாத காயத்தில் எண்ணெய் படக் கூடாது. உட்கொள்ளும் மூலிகை மருந்துகள் இருந்தால் அதனையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

மனக் குழப்பமும் அச்சமும்

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய நாள்களில் சில முதியவர்கள் இடம், காலம் தெரியாமல் பேசுவதும், இரவில் கலவரமடைவதும் உண்டு. இதனை முதுமைக் கோளாறு என ஒதுக்கிவிடக் கூடாது. நோய்த்தொற்று, நீரிழப்பு, மருந்தின் விளைவு ஆகியவை காரணமாக இருக்கலாம். உரிய சிகிச்சையால் பெரும்பாலும் சரியாகும். மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஆகியவற்றை அணிவித்தல், பகலில் வெளிச்சம் வரும் அறையில் வைத்திருத்தல், அறிந்த முகங்கள் உடனிருத்தல் ஆகியவை உதவும்.

மீண்டும் விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் பலரை நாற்காலியிலேயே முடக்கிவிடுகிறது. நடக்காததால் தசை மெலிகிறது. தசை மெலிவதால் விழும் வாய்ப்பு கூடுகிறது. அன்பின் மிகுதியால் எல்லா வேலைகளையும் குடும்பத்தினரே செய்துவிடுவதும் இதே விளைவைத் தரும். தட்டை நீட்டுவதற்கு மாறாக, உணவு மேசை வரை உடன் நடந்து வருவதே உண்மையான உதவி.

பார்த்துக்கொள்வது யார்?

கேரளத்தில் 'ஹோம் நர்ஸ்' என அழைக்கப்படும் பணியாளர்கள் அனைவரும் செவிலியர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். பணியில் அமர்த்தும் முன் அவர்களின் பயிற்சி என்ன என்பதை விசாரிப்பதும், வாக்கருடன் நடத்துவது, கட்டிலிலிருந்து எழுப்புவது எப்படி என்பதை மருத்துவமனையிலேயே அவர்களுக்குக் கற்றுத்தரச் செய்வதும் நல்லது. கையைப் பிடித்து இழுத்தோ அக்குளில் தூக்கியோ நோயாளியை எழுப்பக் கூடாது.

வீட்டிலேயே பராமரிப்பு என்ற கருத்து கேரளத்துக்குப் புதிதன்று. மாநில அரசு 2008இல் வலி தணிப்புச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது. உள்ளாட்சி அமைப்புகளின் வழியே செவிலியர்கள் வீடுகளுக்குச் செல்லும் முறை அதன்பின் விரிவடைந்தது. நீண்ட காலம் படுக்கையில் இருக்க நேரும் முதியோரின் குடும்பங்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இல்லம் தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடங்கும். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் திரும்புவோர் இதனைக் கேட்டறியலாம்.

செலவைப் பொறுத்தவரை, 70 வயதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு வழங்கும் விரிவாக்கத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29ஆம் தேதி தொடங்கியது. குறிப்பிட்ட மருத்துவமனையில் குறிப்பிட்ட சிகிச்சைக்கு இது செல்லுமா என்பதை அனுமதிக்கப்படும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டிய அறிகுறிகள்

திடீர் மூச்சுத்திணறல் அல்லது நெஞ்சுவலி: உறைந்த ரத்தம் நுரையீரலை அடைந்திருக்கலாம். தாமதமின்றி 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கெண்டைக்காலில் புதிய வலி, வீக்கம், சிவப்பு: காலில் ரத்தம் உறைந்திருக்கலாம்.

இடுப்பில் திடீர்க் கடும் வலி, காலை ஊன்ற முடியாமை, ஒரு கால் குட்டையாகவோ திரும்பியோ தெரிதல்: மூட்டு நழுவியிருக்கலாம். காலை இழுத்துச் சரிசெய்ய முயலக் கூடாது.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சீழ், நீர்க்கசிவு, கூடிக்கொண்டே போகும் சிவப்பு: நோய்த்தொற்றாக இருக்கலாம்.

கறுப்பு நிற மலம், நிற்காத ரத்தக்கசிவு: ரத்த உறைவு தடுப்பு மருந்தின் விளைவாக இருக்கலாம்.

சாதாரண ஐயங்களுக்குக் கேரளத்தில் 'திசா' சுகாதார உதவி எண் 1056ஐயும், தமிழ்நாட்டில் 104ஐயும் அழைக்கலாம். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567.

எப்போது இயல்பு நிலை?

பலர் மூன்று முதல் ஆறு வாரங்களில் வாக்கரிலிருந்து ஊன்றுகோலுக்கு மாறுகின்றனர். ஏறக்குறைய ஆறு வாரங்களுக்குப் பின், மருத்துவரின் ஒப்புதலுடன் கார் ஓட்டலாம். மூன்று மாதங்களில் அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்ய முடிகிறது. தசை வலுவும் நடையின் சீரும் ஓராண்டு வரை மேம்பட்டுக்கொண்டே இருக்கும். எலும்பு முறிவுக்குப் பின் சிகிச்சை பெற்றவர்களுக்கு இந்தக் கால அளவுகள் நீளலாம்.

விழுந்து எலும்பு முறிந்தவர்கள் மறந்துவிடக் கூடாத ஒன்று உண்டு. மூட்டு மாற்றப்பட்டதால் மற்ற எலும்புகள் வலுப்பெற்றுவிடவில்லை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை, வைட்டமின் டி அளவு, எலும்புத் தேய்வுக்கான மருந்து, கண் பரிசோதனை, மயக்கம் தரக்கூடிய மருந்துகளின் மறு ஆய்வு ஆகியவை குறித்து அடுத்த மருத்துவமனை வருகையின்போதே கேட்க வேண்டும். மறுபக்க இடுப்பைக் காப்பதற்கு இதுவே வழி.

இக்கட்டுரையில் உள்ளவை பொதுவான தகவல்கள். அறுவை சிகிச்சையின் முறை, வயது, பிற நோய்கள் ஆகியவற்றைப் பொறுத்து ஒவ்வொருவருக்குமான அறிவுரை மாறும். சிகிச்சை அளித்த மருத்துவர் எழுதித் தந்த குறிப்பையும், அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்களையும் கட்டிலுக்கு அருகிலுள்ள சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைப்பது, வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் விசாரிக்கும் பிள்ளைகளுக்கும், இரவில் தனியே உடனிருக்கும் துணைவருக்கும் பேருதவியாக அமையும்.